ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பு: பின்னட்டையிலிருந்து தொடங்கும் வழி

ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முன்னட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தே வாங்குகிறார்கள். அப்படி வாங்கினால் இருபது தட்டுகளுக்குப் பிறகு அடுத்து எதைத் தேடுவது என்று தெரியாமல் போகும், அல்லது விலையே அளவுகோலாகிவிடும். உறையைத் திருப்பிப் பின்னட்டையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாத்தியக்காரர் பட்டியலை முதலில் படியுங்கள். தலைமை வகித்தவரை உலகம் எப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளும். அவருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவரைத் தேடிப் பிடிப்பதுதான் சேகரிப்பவரின் வேலை.

இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ப்ளூ நோட் நிறுவனத்தின் அடுத்தடுத்த எண்களைக் கொண்ட இரண்டு தட்டுகள். 4040 என்ற எண்ணுள்ள 'ஓப்பன் செசமி', ட்ரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட் தலைமையேற்ற முதல் தட்டு. 1960 ஜூன் 19 அன்று அது பதிவானபோது அவருக்கு வயது 22. பின்னட்டையில் டெனர் சாக்சபோன் என்ற இடத்தில் டீனா ப்ரூக்ஸ் என்ற பெயர் இருக்கும். தட்டுக்குப் பெயர் தந்த பாடலை இயற்றியவரும் அவரே. (பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ண வேண்டாம், ஹெரால்ட் என்ற இயற்பெயர் கொண்ட அவருக்குச் சிறிய உருவம் காரணமாக ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது.) ஆறு நாள் கழித்து, ஜூன் 25 அன்று, ப்ரூக்ஸின் சொந்தத் தட்டான 'ட்ரூ ப்ளூ' பதிவானது. அதன் எண் 4041. இம்முறை ஹப்பர்ட் துணைக்கலைஞராக நின்று ட்ரம்பெட் வாசித்தார்.

ஹப்பர்ட் உலகப் புகழ் பெற்று 2008 வரை வாழ்ந்தார். ப்ரூக்ஸ் 1958 முதல் 1961 வரை அந்த நிறுவனத்துக்காக நான்கு பதிவுகளுக்குத் தலைமை வகித்திருந்தும், அவர் உயிரோடு இருந்தவரை வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். இன்னொன்றுக்கு 4052 என்று எண் ஒதுக்கி, அட்டையும் தயாரித்த பிறகு, அது வெளிவராமலே நின்றுபோனது. 1974 இல், 42 வயதில், அவர் இறந்தார். நான்கு பதிவுகளையும் மொசைக் நிறுவனம் ஒரே பெட்டியாக வெளியிட்டது 1985 இல். ப்ரூக்ஸின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே, அவர் துணைக்கலைஞராக வாசித்த ஜிம்மி ஸ்மித், ஜாக்கி மெக்லீன், ஃப்ரெடி ரெட் ஆகியோரின் தட்டுகளுக்கு வழி திறக்கும். அங்கிருக்கும் பாஸ், டிரம்ஸ் கலைஞர்கள் அடுத்த தட்டுகளைக் காட்டுவார்கள்.

பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் புனைபெயரில் வாசித்ததுண்டு. 1953 இல் டொராண்டோவின் மாசி ஹாலில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியின் தட்டில் சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'சார்லி சான்' ஆனார். இன்னொரு சாக்சபோன் கலைஞரான கேனன்பால் ஆடர்லி ஒரு ப்ளூ நோட் தட்டில் 'பக்ஷாட் லா ஃபங்க்' என்று ஒளிந்துகொண்டார்.

யார் வாசித்தது என்று தெரிந்த பிறகு, கையில் இருப்பது எந்தக் காலத்து அச்சு என்று பார்க்க வேண்டும். இசை முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். 'ஆர்விஜி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ 'வான் கெல்டர்' என்ற பெயரோ பொறித்திருந்தால், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே அச்சுக்கு மூலமான தட்டில் இசை வரிகளை வெட்டினார் என்று பொருள். பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்த இவர், 1959 வரை நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே பதிவு செய்து வந்தார். பிறகுதான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனிக் கூடம் கட்டினார். அதே வளையத்தில் காது போன்ற சிறு குறி இருந்தால், அது பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சான தட்டு. ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, 1966 வாக்கில், அந்தக் குறி மறைந்தது. மிச்சமிருந்த பழைய லேபிள்களோடு, காதுக்குறி இல்லாமல் வெளிவந்த தட்டுகளும் உண்டு என்பதால், லேபிளில் உள்ள நிறுவனத்தின் பழைய முகவரியை மட்டும் பார்த்து முதல் அச்சு என்று பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் அச்சு கட்டாயமில்லை என்பதே என் கருத்து. தேய்ந்துபோன மூல அச்சைவிட நன்றாக ஒலிக்கும் மறுபதிப்பு மேல்; வாசித்தவரைக் காதால் அறிவதற்குத்தானே தட்டு வாங்குகிறோம்.

வாங்கும்போது தட்டின் நிலையைக் குறிக்க விற்பவர் சொல்லும் தர எழுத்துகளை ஒதுக்கிவிட்டு நீங்களே சோதியுங்கள். கண் மட்டத்தில் பிடித்தால் நெளிவு தெரியும். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியிலும் தட்டுப்படும். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் தட்டு பலமுறை சுழன்றிருக்கிறது. வீட்டில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு கிடைத்தால் அதற்கு அகன்ற முனையுள்ள தனி ஊசி வேண்டும். அது அரக்கால் ஆனது என்பதால் ஆல்கஹால் கலந்த துப்புரவுத் திரவம் பட்டால் கரைந்துவிடும். இந்த எச்சரிக்கை நம் ஊர்ச் சேகரிப்பாளர்களுக்கு முக்கியம். அமெரிக்கப் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு போர்க்காலக் கல்கத்தாவில் பதிவு செய்தவை அத்தகைய தட்டுகளே. அவர் 1945 இல் அங்கேயே காலராவில் இறந்தார்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் எண்ணையும் விலையையும் எழுதுவது போதாது. பதிவான நாள், இடம், ஒவ்வொருவரின் வாத்தியம், அன்று அவருக்கு இருந்த வயது, அவர் இறந்த நாள் ஆகியவற்றையும் குறியுங்கள். 'கூல் ஸ்ட்ரட்டின்' தட்டின் பக்கத்தில் பியானோ கலைஞர் சானி கிளார்க்குக்கு 26 வயது என்று எழுதி, அடுத்த பத்தியில் அவர் 1963 இல் 31 வயதில் இறந்தார் என்று எழுதும்போது, அந்தத் தட்டைக் கேட்கும் விதமே மாறிவிடுகிறது. நோட்டை நாள்வாரியாக அமைத்துக்கொண்டால் அந்தந்த நாளில் எந்தத் தட்டைப் போடுவது என்பதையும் அதுவே சொல்லும். என் நோட்டில் ஆகஸ்ட் 13 என்ற பக்கத்தில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன: 1960 இல் ஃப்ரெடி ரெட்டின் 'ஷேட்ஸ் ஆஃப் ரெட்' பதிவு, டெனர் சாக்சபோன் டீனா ப்ரூக்ஸ், 1974 இல் டீனா ப்ரூக்ஸ் மறைவு.