கிளினிக்கில் டேப்லெட்: பெயர்ப் பதிவில் கவனமாக இருங்கள்

மேலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலை எனக்கு. இப்போது சீட்டுக்குப் பதில் டேப்லெட் கணினி. புதிதாக வாங்கியவர்கள் இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் பூட்டு. டாக்டர், சிஸ்டர், நீங்கள் என்று ஆளுக்கொரு லாகின் வையுங்கள். நோயாளி கையில் கொடுக்கும்போது ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபேடில் கைடட் ஆக்சஸ் போட்டு, வெளியேற பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டால் அந்த ஒரு ஆப்பைத் தாண்டிப் போக முடியாது.

அடுத்தது பதிவு. இதில் அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கம் பாண்டி, அழகர், மீனாட்சி என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். ஒருமுறை ஒரு பாண்டியம்மாளின் சுகர் ரிப்போர்ட்டை இன்னொரு பாண்டியம்மாளின் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். மாத்திரை எழுதுவதற்கு முன் டாக்டர் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதால் தப்பித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால் பெயரோடு தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, ஊர், செல் நம்பர் எல்லாம் வேண்டும். நம்பரை மட்டும் நம்ப முடியாது. ஒரே வீட்டில் நாலு பேரும் மகன் நம்பரையே சொல்வார்கள். அரசு தரும் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா (ABHA) எண் இருந்தால் அதையும் சேருங்கள். “பாண்டியம்மாள்தானே?” என்று கேட்காதீர்கள், காது மந்தமான பாட்டிகள் எதற்கும் தலையாட்டுவார்கள். “பேர் சொல்லுங்கம்மா, எந்த ஊரு?” என்று கேட்டு, அவர் வாயாலேயே வரவழையுங்கள். மறுமுறை வரும்போதும் இப்படித்தான். நோய் விவரத்தை மட்டும் ஹாலில் வைத்துச் சத்தமாகப் பேச வேண்டாம்.

பழைய சீட்டுகளை நல்ல வெளிச்சத்தில், தேதி தெரியப் படம் எடுத்து ஏற்றுங்கள். சொந்த போனில் எடுக்காதீர்கள். உள்நோயாளி பதிவுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வெளிநோயாளி பதிவுக்கும் நாங்கள் அதையே பின்பற்றுகிறோம். தினமும் பேக்கப் எடுங்கள்.

அப்புறம் வெயில். ஐபேடை 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். இங்கே சித்திரையில் 40 தொடும். ஜன்னலோரம் வைக்காதீர்கள். துடைக்க 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துக்கொள்ளுங்கள், திரையில் நேராக அடிக்க வேண்டாம்.

நெட் போனால் எழுத மேசையில் ஒரு நோட்டு இருக்கட்டும். சாயங்காலமே அதை ஏற்றிவிடுங்கள். நோட்டில் எழுதும்போதும் தகப்பனார் பெயரையும் ஊரையும் விட்டுவிடாதீர்கள்.