மழைக்காலத்தில் கடற்கரைச் சாலை: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து தெலுக் இந்தான் வரை

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தைப் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் புதிதாக லைசென்ஸ் எடுத்த தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளி லீவில் "எங்கே போகலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். கடலோரமாகத் தெலுக் இந்தான் வரை போகலாம். ஆனால் மழைக்காலத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறும். அதோடு கனமழையும் சேர்ந்தால் வாய்க்கால் தண்ணீர் கடலுக்கு வடியாமல் கரையோரக் கம்பங்களில் (கிராமங்களில்) தேங்கிவிடும். தீபாவளியே அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது, அக்டோபர், நவம்பர் மழையும் அப்போதுதான். ஒரு வாரம் தள்ளிக் கிளம்புங்கள். கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்கு மட்டும் கணக்கு தலைகீழ், இருட்டு வேண்டும். பக்கத்தில்தானே இருக்கிறது, மழையில்லாத வேறொரு இரவில் போய்க்கொள்ளலாம்.

அடுத்து, கார். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே குற்றம். வைப்பர் ரப்பரையும் போர்மேனிடம் (கார் மெக்கானிக்கிடம்) காட்டிவிடுங்கள்.

காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். இந்த மாதங்களில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். கோலா சிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி ஏறி, 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள். வெள்ளிநிறக் குரங்குகள் சாதுதான், ஆனால் நீள்வால் குரங்குகள் பறித்துவிடும், கையில் ரொட்டிப் பொட்டலம் வேண்டாம். அப்புறம் 5ஆம் எண் சாலையில் வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான். வயல் பச்சை மழை மேகத்துக்குக் கீழேதான் அழகு, வெயிலில் எடுத்த படமெல்லாம் அதன் முன் நிற்காது.

மழை பிடித்துவிட்டதா? வேகத்தைக் குறைத்து ஹெட்லைட் போடுங்கள். ஓடும் காரில் நான்கு சிக்னல் விளக்குகளையும் சேர்த்து மின்னவிடுவது நம் ஊர்ப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம், நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன் வண்டி கடந்த இடத்தை நீங்கள் தொட நான்கு விநாடியாவது ஆகட்டும். செம்பனைக் குலை லாரி இறைக்கும் தண்ணீரில் எதிரே வருவது தெரியாது, முந்தாதீர்கள். சாலையில் தண்ணீர் ஓடினால், ஆழம் முழங்காலா கணுக்காலா என்று ஆராயாமல் திரும்பிவிடுங்கள். வயலோரச் சாலைக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் போகிறது, வெள்ளத்தில் விளிம்பு தெரியாது.

சபாக் பெர்ணம், ஊத்தான் மெலிந்தாங் தாண்டினால் தெலுக் இந்தான். 1885இல் எழுப்பிய சாய்ந்த கோபுரத்துக்குள் அந்தக் காலத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. மென்மையான மண், மேலே தண்ணீர்ப் பாரம், சாயாமல் என்ன செய்யும்! மாலை மழை வலுத்தால் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் திரும்புங்கள்.