கரண்ட் போய் வந்தாலும் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை: செய்முறை

வேலூர் சத்துவாச்சாரியில் மாமாவின் ஆடிட்டர் ஆபீஸ். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். கணக்கு எழுதும் அக்கா குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணை விட முடியாதுப்பா. வீட்ல இருந்தே பார்க்கிற மாதிரி ஏதாவது பண்ணு." இப்போது அக்காவோடு சேர்த்து நான்கு பேர் வீட்டிலிருந்து பார்க்கிறார்கள். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், செய்யக் கூடாதது. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டா ஃபோல்டரை கூகுள் டிரைவில் போட்டு ஆளுக்கு ஆள் திறக்காதீர்கள். ஒருவர் போட்ட என்ட்ரியை இன்னொருவரின் காப்பி அழித்துவிடும், டேட்டாவே கெட்டுப்போகவும் கூடும். டேட்டா ஆபீஸிலேயே இருக்கட்டும், திரை மட்டும் வீட்டுக்குப் போகட்டும்.

1. ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ப்ரோ வேண்டும். ஒரு கம்ப்யூட்டரின் திரையை வேறு இடத்திலிருந்து இயக்கும் வசதிதான் ரிமோட் டெஸ்க்டாப். ஹோம் பதிப்புக்குள் அதன் வழியாக நுழைய முடியாது. செட்டிங்ஸில் அதை ஆன் செய்யுங்கள். தினமும் போடும் பின் நம்பர் இதற்குச் செல்லாது, பாஸ்வேர்டுதான். ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்றுங்கள்.

2. ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் வரும் வழி) இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் தேடிக்கொண்டே இருக்கும் கதவு அது. நான் டெயில்ஸ்கேல் போட்டேன். நம் கம்ப்யூட்டர்களை மட்டும் இன்டர்நெட் வழியே பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள் அது. இரண்டு பக்கமும் நிறுவி லாகின் செய்தால், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி வரும். வீட்டு லேப்டாப்பின் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதைக் கொடுத்தால் ஆபீஸ் திரை வந்துவிடும். திரையைப் பகிரும் இன்னொரு மென்பொருளான எனிடெஸ்க்கும் பார்த்தேன். அதன் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், ஆபீஸுக்கு வேண்டாம்.

3. என்னை மூன்று நாள் அலைய வைத்த இடம் இது. ஜிஎஸ்டிஆர்-1 (மாதாமாதம் போடும் விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட 11-ம் தேதி கடைசி. 9-ம் தேதி மதியம் சத்துவாச்சாரியில் கரண்ட் போய் வந்தது. நான்கு பேருக்கும் இணைப்பு அறுந்தது. காட்பாடியிலிருந்து வண்டியில் போய், கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்துவிட்டு வந்தேன். மறுநாளும் அதே கதை.

பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ்) போய் 'ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதைத் தேடுங்கள். சில போர்டுகளில் 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்றிருக்கும். அதை 'பவர் ஆன்' என்று வையுங்கள். 'லாஸ்ட் ஸ்டேட்' போதாது. அப்புறம் சோதித்துப் பாருங்கள்: கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பட்டனைத் தொடாமலே ஃபேன் சுற்ற வேண்டும்.

ஃபேன் சுற்றியது, ஆனாலும் அக்காவால் உள்ளே வர முடியவில்லை. கம்ப்யூட்டர் லாகின் திரையில் நின்றுவிடுகிறது, யாராவது லாகின் செய்தால்தான் டெயில்ஸ்கேல் இணைகிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் ஐகானை அழுத்தி, பிரிஃபரன்ஸஸில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதை டிக் செய்யுங்கள். இந்த ஒரு டிக்குக்குத்தான் மூன்று நாள். கூடவே டெயில்ஸ்கேல் இணையதளத்தின் அட்மின் பக்கத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 180 நாளில் தானாக லாக் அவுட் ஆகிவிடும்.

4. பில் கட்டுகள். ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளிலிருந்து பில்கள் இன்னும் காகிதமாகத்தான் வருகின்றன. ஆபீஸில் இருக்கும் தம்பி காலை பதினோரு மணிக்குள் ஸ்கேன் செய்து, கட்சிக்காரர் பெயரில் ஃபோல்டர் போட்டு வைத்துவிடுவார். ஏற்றிய பில்லில் பச்சை மையால் டிக். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். எந்த பில் ஏறியது, எது ஏறவில்லை என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பின்சேர்க்கை: ஆம்பூரிலிருந்து ஒருவர், யுபிஎஸ் வைத்த பிறகு கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆவதில்லை என்று கேட்டிருந்தார். பேட்டரி குறையும்போது யுபிஎஸ் மென்பொருள் கம்ப்யூட்டரை அணைக்கிறது. பேட்டரி முழுதாகத் தீருமுன் கரண்ட் வந்துவிட்டால், கரண்ட் போனதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதே பயாஸில், குறித்த நேரத்தில் தானாக ஆன் ஆகும் அலாரம் இருக்கும். தினமும் காலை 8:45 என்று வைத்துவிடுங்கள். மாமா ஆபீஸிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.