தரைவீட்டு அஸ்திவாரமும் மழைநீரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது நாள்கணக்கில் விடாமல் பெய்யும் மழையும், ஆண்டின் நடுப்பகுதியில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வந்து கொட்டித் தீர்க்கும் மழையும் தரைவீட்டில் குடியிருப்போருக்குப் பழகியவைதாம். அஸ்திவாரம் பாதிக்கப்பட்டால் பழி மழையின் மேல் விழுகிறது. ஆனால் புதுப்பிப்புப் பணியின்போது நீர் போகும் வழியை வீட்டுக்காரரே அடைத்தோ திருப்பியோ விட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கார் நிறுத்துமிடத்தின் பழைய தளக்கற்களை உடைத்தெடுக்கும் செலவுக்குத் தயங்கி, அவற்றின் மேலேயே புதிய கற்களைப் பதிப்பது இங்கு சர்வசாதாரணம். இதனால் தளம் உயர்ந்து, வீட்டிலிருந்து வெளிப்புறம் நோக்கியிருந்த சரிவும் மட்டமாகிவிடுகிறது. சுவரிலிருந்து விலகிச் செல்லும் தளம் மீட்டருக்குச் சுமார் 2 செண்டிமீட்டராவது தாழ வேண்டும்; ஒப்பந்தக்காரருக்குக் கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். பூச்செடிக்காகச் சுவரையொட்டி மண்ணை மேடாக்குவதும் இதே வகைத் தவறுதான். ஈரம் மேலேறாதிருக்கச் சுவரின் அடியில் பதித்துள்ள தடுப்புப் படலத்துக்கு ஏறத்தாழ 15 செண்டிமீட்டர் கீழே மண்மட்டம் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அலட்சியப்படுத்தப்படுவது, வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளத்துக்கும் சுவருக்கும் இடையே தோன்றும் இடைவெளி. வீடு நிலத்தில் ஆழமாக இறக்கிய பைல் எனப்படும் தூண்களின் மேல் நிற்க, ஏப்ரன் எனப்படும் அந்தத் தளமோ நிரப்பிய மண்ணின் மேல்தான் கிடக்கிறது. காலாங், கேலாங் போன்ற தாழ்ந்த பகுதிகளின் அடியிலுள்ள மென்மையான கடல்சார் களிமண் பல ஆண்டுகள் வரை அமிழ்ந்துகொண்டே போகக்கூடியது. அப்போது வீடு அசையாமல் நிற்க, ஏப்ரன் மட்டும் இறங்கும். விரல் நுழையும் அளவு பிளவு விழும். அதன் வழியே புகும் மழைநீர் நுண்மண்ணை அரித்துச் செல்ல, தளத்தின் அடியில் பொந்து உருவாகிறது. சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தால் வெற்றொலி கேட்கும். பலரும் பிளவைச் சிமெண்டுக் கலவையால் பூசி மூடிவிடுகிறார்கள். அது நெகிழாது என்பதால் தளம் அடுத்தமுறை இறங்கும்போது மீண்டும் விட்டுப்போகும். அதுவரை பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுதான் தொல்லை. முதலில் அடியிலுள்ள பொந்தை நிரப்பி, அதன்பின் நெகிழும் தன்மையுள்ள சீலண்டால் அடைப்பதே முறை. ஆழமற்ற அஸ்திவாரமுள்ள பழைய வீடுகளில் இதைத் தள்ளிப்போடவே கூடாது, ஏனெனில் அங்கு ஊறி இளகுவது சுவரைத் தாங்கும் மண்ணேயாகும்.

ஏப்ரனை ஒட்டிய வடிகாலை அழகுக்காகத் தளக்கற்களால் நிரந்தரமாக மூடினால், உள்ளே சேரும் இலைதழைகளையோ விரிசலையோ காண வழியிருக்காது. கழற்றக்கூடிய மூடியே நல்லது. கார் நிறுத்துமிடத்துக்கு மேல் புதிதாகக் கூரை நீட்டும்போது நீர் சொட்டும் இடமும் மாறிவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வடிகாலில் விழுந்த நீர் அதன்பின் வெறும் மண்ணிலோ அண்டைவீட்டாரின் சுவரோரத்திலோ விழும். கூரை விளிம்பில் நீரை ஏந்திச் செல்லும் பீலி வைத்திருப்போர், டெங்கிக் கொசு பெருகாமலிருக்கவும் அதை அடைப்பின்றி வைத்திருக்க வேண்டியவர்கள்.

தேங்கும் மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடும் குறுக்குவழி சட்டப்படி குற்றம். இங்கு இரண்டும் தனித்தனி அமைப்புகள். மழைநீர் வடிகால் வழியே பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. கனமழையில் கழிவுநீர்க் குழாய் நிரம்பினால் அந்த நீர் உங்கள் குளியலறைத் தரையிலேயே பொங்கி வரலாம். பொது வடிகாலில் கைவைப்பதற்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

மேட்டுப்பகுதி வீடுகளின் தடுப்புச்சுவரில் வரிசையாக இருக்கும் சிறு துளைகளைப் பழுப்புக்கறை வழிகிறதென்று பூசி அடைப்பவர்கள் உண்டு. மண்ணுக்குள் சேரும் நீர் வெளியேற விடப்பட்டவை அவை. அடைத்தால் நீரின் அழுத்தம் முழுவதும் சுவரின் மேல் விழும்.

உட்சுவரில் உப்புப் பூத்தோ சாயம் கொப்புளித்தோ காணப்பட்டால் அதன்மேல் நீர்த்தடுப்புச் சாயம் அடிப்பது பயன் தராது. குளிரூட்டியின் நீர்க்குழாய் சுவரடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடினால் நிலத்தடிக் குழாயில் கசிவு இருக்கலாம்.

சுவரில் சாய்வான விரிசல் அகன்றுகொண்டே போனாலோ கதவுகள் சிக்கத் தொடங்கினாலோ அழைக்க வேண்டியவர் பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர். சாயம் அடிப்பவர் அல்லர். பொறியாளரைக் கேட்காமல் நிலத்தடி நீரைத் தொடர்ந்து இறைத்து வெளியேற்றுவது ஆபத்து. நீர்மட்டம் இறங்கினால் களிமண் மேலும் அமிழும். பழைய வீடுகள் சிலவற்றைத் தாங்கும் பாக்காவ் எனப்படும் சதுப்புநில மரக்கழிகளோ நீருக்குள் மூழ்கியிருக்கும்வரைதான் உளுக்காமல் இருக்கும்.