பரணில் கிடந்த ஸ்பெக்ட்ரமும் பழைய போன் கார்டும்

திருநகர் வீட்டுப் பரணிலிருந்து மாமாவின் பழைய வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமை இறக்கினேன். 1982-ல் வந்த மாடல், 48 கே நினைவகம், ரப்பர் பட்டன்கள். கேம்களை ஏற்றும் டேப் ரெக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதனால் முதுகில் செருகும் டிவ்எம்எம்சி என்ற எஸ்டி கார்டு அடாப்டர் வாங்கினேன்.

செருகியதும் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். கணினியின் சர்க்யூட் பலகை விளிம்பைப் பார்த்தால் தகடுகள் கருத்துக் கிடந்தன. பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். கட்டங்கள் போயின. (கரண்ட் இருக்கும்போது அடாப்டரைச் செருகவோ உருவவோ கூடாது. ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் பவர் பின்னில் நடுப்பகுதிதான் மைனஸ். கையில் கிடைத்த சார்ஜரை மாட்டினால் கதை முடிந்தது.)

அப்புறமும் கார்டைக் கண்டுகொள்ளவில்லை. நான் போட்டது புது 64 ஜிபி. அது கோப்புகளை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அடுக்கும்படி வரும். கார்டைப் படிக்க ஸ்பெக்ட்ரமில் ஓடும் எக்ஸ்டாஸ் என்ற மென்பொருளுக்கு ஃபேட்16 அல்லது ஃபேட்32தான் புரியும். பழைய போனிலிருந்த 2 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை எஸ்டி அளவு உறையில் போட்டு, ஃபேட்16-ல் ஃபார்மட் செய்து, எக்ஸ்டாஸின் BIN, SYS, TMP ஃபோல்டர்களை நேராக முதல் மட்டத்தில் போட்டேன். மறுபடியும் எரர்! அடாப்டரின் ரோமில் (நிரந்தர நினைவகச் சிப்பில்) இருந்த எக்ஸ்டாஸ் பதிப்பு வேறு, நான் டவுன்லோட் செய்து கார்டில் போட்ட பதிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக்க ஒரு சாயங்காலம் போனது.

சரி, அடாப்டரின் பட்டனை அழுத்தினால் இப்போது கேம் பட்டியல் வருகிறது. முன்பு டேப்பிலிருந்து ஐந்து நிமிஷம் காத்திருந்து ஏறிய கேம் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுகிறது. எட்டிப் பார்த்த அம்மா கேட்டார், "அந்தக் கீச்சுச் சத்தம் எங்கடா?"