ஒரே கோப்பு இருமுறை வராமல் தேடும் முறை

பெங்களூரில் ஒரு பகுதியின் பெயரை ஒரே சொல்லால் தேடிவிட முடியாது. தமிழர்கள் அல்சூர் என்றும் அலசூர் என்றும் எழுதுவார்கள். கன்னட வழக்கைத் தழுவி ஹலசூரு என்று எழுதுவோரும் உண்டு. அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் நினைவுக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கோப்புறையில் இம்மூன்று சொற்களையும் தேட நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், ஏரிக்கரை பற்றிய ஒரே கோப்பை மூன்று முறை காட்டியது.

பிழை, லூப்களை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிகளை, அடுக்கிய வரிசையில் இருந்தது. வெளி லூப் தேடுசொற்களின் மீதும் உள் லூப் கோப்புகளின் மீதும் ஓடியதால், ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லாக் கோப்புகளும் புதிதாகத் திறக்கப்பட்டன. இதைத் தலைகீழாக்க வேண்டும். கோப்புகளின் மீது ஓடும் லூப் வெளியே வரட்டும். ஒவ்வொரு கோப்பையும் ஒரே முறை திறந்து, முழு உரையையும் படித்து, தேடுசொற்களில் ஏதேனும் ஒன்று அதில் உள்ளதா என்று கேளுங்கள். எந்தெந்தச் சொற்கள் கிடைத்தன என்பதும் தேவையென்றால், கோப்பின் பாதையைச் சாவியாகவும் கிடைத்த சொற்களின் பட்டியலை மதிப்பாகவும் கொண்ட டிக்ஷனரி ஒன்றில் சேமியுங்கள்.

முடிவுகளைக் கடைசியில், ஒரே மதிப்பை இருமுறை வைத்துக்கொள்ளாத செட்டில் போட்டு வடிகட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செட் வரிசையைக் காப்பதில்லை; டிக்ஷனரியோ பைத்தான் 3.7 முதல் சேர்த்த வரிசையைக் காக்கும் என்பது உறுதி. மேலும், ஒரு கோப்புறையையும் அதன் உட்கோப்புறையையும் சேர்த்துத் தேடக் கொடுத்தால், ஒரே கோப்பு முழுப் பாதையாக ஒருமுறையும் சுருக்கப் பாதையாக ஒருமுறையும் வரக்கூடும். எழுத்து வேறுபடுவதால் செட் அவற்றை இரண்டாகவே கொள்ளும். ஆகவே சேமிக்கும் முன் பாதையை ரியல்பாத் செயற்கூற்றால் முழுமையாக்கிவிடுங்கள். சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) வழியாக வரும் இரட்டிப்பும் இதனால் நீங்கும்.

தமிழ் உரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கவனம் வேண்டும். பெங்களூரின் இன்னொரு பகுதியான கோரமங்கலா என்பதன் முதலெழுத்தை யூனிகோடில் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாலும், ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்று குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைத்தானுக்கு வெவ்வேறு. இதனால் பட்டியலில் அதே சொல் இருமுறை இடம்பெறலாம், அதைவிட மோசமாக, கிடைக்க வேண்டிய கோப்பே விடுபட்டுப் போகலாம். தேடுசொல், உரை ஆகிய இரண்டையும் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் செயற்கூற்றில், இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

வேறு பெயரில் நகலெடுத்து வைத்த கோப்பைப் பாதையால் கண்டுபிடிக்க இயலாது. முதலில் அளவை ஒப்பிட்டு, அளவு ஒத்தவற்றுக்கு மட்டும், உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 ஹாஷ் கணக்கிட்டு, ஒத்த கோப்புகளை ஒரே பதிவின் கீழ்த் தொகுத்துக் காட்டுங்கள். எதையும் ஸ்கிரிப்டே அழிக்க விடாதீர்கள்.

கோப்பின் பெயர் மட்டும் போதுமென்றால், லினக்ஸில் உரையைத் தேடும் கிரெப் கட்டளையில் சிறிய எல் விருப்பமே அதை ஒருமுறை மட்டும் தரும்.

திருத்தியதும் ஒரு சிறு கோப்புறையில் சோதியுங்கள்: மூன்று பெயர்களும் உள்ள கோப்பு ஒன்று, அதன் நகல் ஒன்று, எந்தப் பெயரும் இல்லாதது ஒன்று. விடையாக ஒரே பதிவும், அதன்கீழ் இரண்டு பாதைகளும் வர வேண்டும்.