பம்ப் ஹவுஸ் ரவுட்டரும் 100-இல் தொடங்கிய ஐபியும்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் ஒரு பம்ப் ஹவுஸ். அங்குள்ள பி.எல்.சி.யை (பம்பை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி) அலுவலகத்திலிருந்தே பார்க்க 4ஜி இண்டஸ்ட்ரியல் ரவுட்டர் மாட்டினேன். சிம் போட்டு ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் நெட் நுழைவுப் பெயர்) கொடுத்ததும் நெட் வந்தது. பி.எல்.சி. பேசும் மொழியான மோட்பஸுக்காக 502-ஆம் போர்ட்டை ஃபார்வர்ட் செய்துவிட்டு, அதாவது வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வருவதை பி.எல்.சி.க்கு அனுப்பச் சொல்லிவிட்டு, ஊர் திரும்பினால், ஒன்றும் திறக்கவில்லை.

மறுநாள் மறுபடி சைட்டுக்கு ஓடினேன். ஃபயர்வாலைத் திட்டியே அரை நாள் போனது. அப்புறம்தான் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை (ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த நெட் முகவரி) கவனித்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட் (நெட் நிறுவனத்தின் முகவரி மாற்றி) முகவரிகள். பல சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள்; வெளியிலிருந்து யார் தட்டினாலும் நம் ரவுட்டருக்குக் கேட்காது. ஒருவகையில் நல்லதுதான். மோட்பஸுக்குப் பாஸ்வேர்டே கிடையாது, அதைப் போய் உலகத்துக்குத் திறந்து வைத்தேனே!

சரி, ரவுட்டரே வெளியே வந்து பேசட்டும் என்று முடிவு செய்தேன். பொது ஐபி உள்ள வாடகை சர்வரில் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, ரவுட்டரை அதனுடன் இணைத்தேன். கீப்அலைவ் (வழி திறந்தே இருக்க அனுப்பும் சிறு செய்தி) 25 விநாடிக்கு ஒருமுறை. இது இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது அந்த நிறுவனத்தின் நாட் வழியை மூடிவிடும். போர்ட் ஃபார்வர்டை அழித்தேன். பி.எல்.சி. உடனே கிடைத்தது.

ஆனாலும் இணைப்பு அவ்வப்போது விழுந்தது. சிக்னல் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 117; பூஜ்யத்திலிருந்து விலக விலகப் பலவீனம். ஆன்டெனாவை இரும்புப் பேனலுக்குள்ளேயே விட்டிருந்தேன்! கூரைமேல் ஏற்றியதும் மைனஸ் 95. பிங் (இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) மூன்று முறை தவறினால் மோடம் ரீஸ்டார்ட் ஆகும்படியும் வைத்தேன். அதற்குப் பிறகு தோப்புக்குப் போனது இளநீர் குடிக்க மட்டும்தான்.